செவி எவரிடம் ஆங்கிலம் கற்கிறது?

மெல்லிய தாள்துண்டு ஒன்றை உதடுகளுக்கு முன்னால் இரண்டு விரல்கடைத் தூரத்தில் தொங்கவிட்டு, ‘பால்’ என்று பசும்பாலைச் சொல்லிப் பாருங்கள். தாள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். லண்டனிலோ சிகாகோவிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் பேனாவை ஆங்கிலத்தில் ‘பென்’ என்று சொன்னால் அதே தாள் படபடத்து விலகும். சொல்லின் முதலில் வரும் அந்த ஒலியோடு அவர் வாயிலிருந்து ஒரு சிறு மூச்சும் பீறிடுகிறது. உதடுகள் பிரிந்து குரல்நாண்கள் அதிரத் தொடங்குவதற்குள் வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. தமிழ்ப் பகரத்தில் இந்த இடைவெளி மிகக் குறைவு. ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல்லின் முதலொலியிலும் அது குறைவுதான். ஆகவே, மூட்டை கட்டுவதைச் சொல்ல நாம் ஒலிக்கும் ‘பேக்’, அவருடைய செவியில் முதுகைக் குறிக்கும் ‘பேக்’ ஆக விழக்கூடும். இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுத்தர ஏற்றவர் யார்: ஆங்கிலத்தை முயன்று கற்ற தமிழரா, அதைத் தாய்மொழியாகக் கொண்டவரா?

இந்த மூச்சைப் பற்றி அந்தத் தாய்மொழியாளரிடமே கேட்டால், ஒலியியல் படித்தவராக இருந்தாலொழிய, அப்படியொன்றை வெளிவிடுவதே தமக்குத் தெரியாது என்பார். ‘கலம்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்னும் மூன்று சொற்களிலும் ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிப்பதை நாமும் யாராவது சுட்டிக்காட்டும்வரை அறிவதில்லை. தாய்மொழி அறிவின் இயல்பு அது. நாவில் இருக்கும், விளக்கத்தில் வராது. வளர்ந்த பிறகு முயன்று கற்றவருக்கோ, தாம் சறுக்கிய இடங்களெல்லாம் நினைவில் இருக்கும். மாணவரின் தாய்மொழியே அவருக்கும் தாய்மொழியாக இருந்துவிட்டால் அந்த நினைவு நேரடியாகப் பாடமாகிறது. ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்கிறது தொல்காப்பியம். தமிழ் அறிந்த ஆசிரியர் இங்கிருந்தே தொடங்கலாம்: மேற்பல் கீழுதட்டில் பட்டுக் காற்று உரசினால் உள்சட்டையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’, பல் படாமல் உதடுகள் குவிந்து விரிந்தால் மேற்குத் திசையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’. அரை நிமிடத்தில் முடிகிற இந்த விளக்கம் இல்லாமல், இரண்டையும் நூறு முறை ஒலித்துக் காட்டினாலும் பலருக்கு அவை ஒன்றாகவே கேட்கும்.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் காதில் இல்லை, மூளை பழகிய பழக்கத்தில் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நம் தகர டகரங்களைப் போன்ற இரண்டு இந்தி ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவற்றைப் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால் மட்டுமே அது முடிந்தது. முதல் பிறந்த நாளுக்குள்ளாகவே மூளை, வீட்டில் புழங்கும் மொழிக்கு எந்த வேறுபாடுகள் தேவை என்று கணக்கிட்டு, மற்றவற்றைக் கவனியாமல் விடத் தொடங்குகிறது. பிறகு கேட்கிற அயல்மொழி ஒலிகள் யாவும் அந்தச் சல்லடை வழியாகவே உள்ளே வருகின்றன.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரிடம் மட்டும் ஆங்கிலம் கற்பதன் வரம்பும் இதுதான்: அவருடைய சல்லடையும் நம்முடையதே. ஆனால் அதற்கு மாற்று ஓர் ஆங்கிலேயரைக் கொண்டுவந்து அமர்த்துவது என்று நினைப்பது அவசர முடிவு. ஜப்பானியர்களுக்கு நம் ரகர லகரங்களுக்கு இணையான ஆங்கில ஒலிகளைப் பிரித்தறிவது கடினம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனியும் உடனிருந்தோரும் அவர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, பலரது குரல்களைக் கேட்டுப் பழகியவர்கள் முன்பின் கேட்டிராத புதிய குரலிலும் வேறுபாட்டை அறிந்தார்கள். ஒரே ஒருவரின் குரலில் பழகியவர்களுக்கோ, பழகிய குரலில் கிடைத்த தேர்ச்சி புதிய குரலுக்குப் பெயரவில்லை. அந்த ஒரு குரலும் ஆங்கிலத் தாய்மொழியாளரின் குரல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குரலை மட்டும் கேட்கும் மூளை, எது மொழிக்குரிய வேறுபாடு, எது அந்த மனிதருக்கே உரிய சாயல் என்று பிரிக்க வழியில்லாமல் தவிக்கிறது.

யாருக்குப் புரிய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. டெஸ்ஸா பென்ட், ஆன் பிராட்லோ ஆகியோர் 2003இல் சீனரும் கொரியரும் பேசிய ஆங்கில வாக்கியங்களை வைத்து ஆராய்ந்தபோது, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்ற கேட்போருக்குத் தம் மொழிக்காரரில் நன்கு தேர்ந்த ஒருவரின் ஆங்கிலம், ஆங்கிலத் தாய்மொழியாளரின் ஆங்கிலத்துக்குச் சமமாகவே புரிந்தது. சென்னைப் பொறியாளர் சியோலில் இருக்கும் பொறியாளரோடு ஆங்கிலத்தில் பேசும் காலத்தில், ஆங்கிலத் தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்று 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிக் கூடிய மாநாடு வலுப்படுத்திய கருத்தை இன்னும் தூக்கிச் சுமப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992லேயே அதைப் பொய்க்கருத்து என்று எழுதிவிட்டார். ஆயினும் பிறப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலை விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. பயிற்சி பெற்ற நல்ல ஆசிரியர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

தாய்மொழியாளரின் பேச்சைக் கேட்காமல் எளிதில் பிடிபடாத ஒன்றும் உண்டு, அது அழுத்தம்: சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அளந்து ஒலித்த பழக்கத்தில், ஆங்கிலச் சொல்லிலும் எல்லா அசைகளையும் நாம் முழுதாக ஒலிக்கிறோம். ‘போட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் முதல் அசைக்கு அழுத்தம். அதை எடுப்பவரைக் குறிக்கும் ‘போட்டோகிராஃபர்’ என்னும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, அதனால் முதல் அசை தேய்ந்து ‘ஃபட்டாக்ரஃபர்’ என்பது போல ஒலிக்கிறது. இப்படித் தாவும் என்று எச்சரிக்கத் தமிழ் அறிந்த ஆசிரியர் போதும். அந்தத் தேய்வு எவ்வளவு என்பதைச் செவி அறிய, ஆங்கிலேயர், அமெரிக்கர், அயர்லாந்துக்காரர் எனப் பலர் அதே சொல்லைச் சொல்லும் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்குப் பின்னும் தன் குரலையும் பதிந்து ஒப்பிட வேண்டும்.