எம்கேட் குறைபாடு: சுகர் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

எம்கேட் என்பது கொழுப்பை எரிக்க உடலுக்குத் தேவையான ஒரு நொதி. அது பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத குழந்தையைச் சாதாரண நாளில் யார் பரிசோதித்தாலும் ஆரோக்கியமான குழந்தை என்றுதான் சொல்வார்கள். எடை, வளர்ச்சி எல்லாம் சரியாக இருக்கும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பாடு இறங்காத நாளில்தான் ஆபத்து.

வயிறு காலியாகி, கல்லீரலில் க்ளைக்கோஜனாகச் சேமித்த சர்க்கரையும் தீர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கொழுப்பு அமிலச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்ற வேண்டும். நடுத்தர நீளச் சங்கிலிகளில் இதைச் செய்யும் ஆக்சிடோரிடக்டேஸ் (ஹைட்ரஜனை இடம் மாற்றும்) வகை நொதிதான் மீடியம் செயின் அசைல்-கோஏ டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக எம்கேட். அது செயல்படாவிட்டால், கொழுப்பிலிருந்து கிடைக்கும் மாற்று எரிபொருளான கீட்டோன் போதுமான அளவு உருவாகாது. உடல் முழுக்கச் சர்க்கரையையே நம்பி நிற்கும். எரியாத கொழுப்பு அமிலங்களும் தேங்கி நச்சாகும்.

"சுகர் 80 இருக்கு டாக்டர், அசதியில தூங்கறான்" என்று போனில் சொல்லும் பெற்றோரிடம் நான் உடனே கிளம்பச் சொல்வேன். சர்க்கரை இறங்குவது இதில் கடைசியாகத் தெரியும் அறிகுறி. அதற்கு முன்பே மந்தம், வாந்தி, எழுப்பினால் சரியாகக் கண் திறக்காமை வந்துவிடும். சிறுநீரில் கீட்டோன் இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. பட்டினி கிடந்த குழந்தைக்குக் கீட்டோன் வந்திருக்க வேண்டும். முதல் தாக்குதலிலேயே உயிர் போன குழந்தைகள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் தேவைப்படுவது 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப், அதுவும் தாமதமில்லாமல். இதை எழுதிய அவசரக் கடிதம் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். இரவு டியூட்டி டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இராதவராக இருக்கலாம்.

நல்ல உடல்நிலையில் 6 மாதம் முதல் 1 வயதுவரை அதிகபட்சம் 8 மணி நேரம், 2 வயதுவரை 10, அதன் பிறகு 12 என்பது சாப்பிடாமல் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி. உடம்பு சரியில்லாதபோது இந்தக் கணக்கு செல்லாது. எம்.சி.டி எண்ணெய் (இந்த நொதி தேவைப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) சேர்த்த பால்பவுடரை எந்த நாளிலும் கொடுக்கக் கூடாது.

பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் ஆக்டனாயில் கார்னிட்டின் (எரியாமல் தேங்கிய நடுத்தரக் கொழுப்பு அமிலத்தின் ஒரு வடிவம்) அதிகமாக இருப்பதை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறைபாடு என்பதால், ஒரு குழந்தைக்கு உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. இதுவரை எந்தத் தொந்தரவும் வராத மூத்த பிள்ளைக்கும் டெஸ்ட் எடுங்கள்.