வீட்டை விற்கும்போது குடியிருப்பவரைக் கேட்க வேண்டுமா?

“பத்தொன்பது வருடம் குடியிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அது செல்லுமா சார்?”

கேட்டவர் மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வாடகை ரசீதுகளை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கிரயப் பத்திரம் முந்தைய வாரமே பதிவாகியிருந்தது. புதிய உரிமையாளர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. வீட்டு வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. செல்லும் என்றேன்.

நெடுநாள் இருந்தவரை முதலில் கேட்பது நம் ஊரில் ஒரு மரியாதை. அதையே சட்டம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக 2019இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் சரி, விற்கும்போது வாடகைதாரருக்கே முதல் வாய்ப்பு என்று எங்கும் இல்லை. மொத்தமாகப் பணம் கொடுத்து ‘லீசுக்கு’ இருப்பவர்கள் தங்களுக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக எண்ணுகிறார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்கும் அதே நிலைதான்.

பிரான்சில் அப்படியில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘வீட்டை விற்கப்போகிறேன், காலி செய்யுங்கள்’ என்று உரிமையாளர் அனுப்பும் அறிவிப்பே குடியிருப்பவருக்கான விற்பனை அழைப்பு ஆகிவிடும். விலை அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வாய்ப்பு அவருக்குத்தான். அவர் மறுத்த பிறகு வேறொருவருக்குக் குறைந்த விலையில் தர நினைத்தால் மறுபடியும் இவரிடம் வர வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் 1980 முதல் இந்த வகைச் சட்டம் உண்டு. இவற்றில் யாருக்கும் மலிவாக வீடு கிடைப்பதில்லை. முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையும் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே சென்னையில் இதைவிடத் துணிச்சலான ஒரு சட்டம் வந்தது என்பதை இளம் வக்கீல்களே மறந்துவருகிறார்கள். பிறர் மனையை வாடகைக்கு எடுத்து, வாடகை கட்டும்வரை யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்று நம்பிச் சொந்தச் செலவில் வீடு கட்டியவர்கள் அன்றைய மதராசில் ஏராளம். அவர்களை வெளியேற்றும் முயற்சிகள் பெருகியபோது பிறந்ததுதான் 1921ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அடிமனைக்காரர், அதாவது நிலத்தின் உரிமையாளர், வெளியேற்ற வழக்குப் போட்டால், வீடு கட்டியவர் அதன் 9ஆம் பிரிவின்படி, ‘மனையை எனக்கே விற்க உத்தரவிடுங்கள்’ என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். வீட்டை வசதியாக அனுபவிக்கக் குறைந்தது எவ்வளவு நிலம் தேவை என்பதை நீதிமன்றம் அளந்து தீர்மானிக்கும். முந்தைய மூன்று ஆண்டுச் சந்தை மதிப்பின் சராசரிதான் விலை.

ஆனால் சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். சம்மனை அலமாரியில் வைத்துவிட்டு மூன்றாம் மாதம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோயில், மடம் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை 1996ஆம் ஆண்டுத் திருத்தம் இதிலிருந்து விலக்கிவிட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று புதிதாக அடிமனை வாடகைக்கு எடுப்பவருக்கும் இது உதவாது. கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்த நம் ஆசிரியருக்கு என்றைக்குமே பொருந்தாது.

அவருக்காகப் பழைய உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசினேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். “அவர் வாங்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் அவருக்கே கொடுத்திருப்பேனே” என்றார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால், வாங்கும் எண்ணம் இருந்தால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேருங்கள். விற்பதாக இருந்தால் உரிமையாளர் முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; வெளியாள் தர முன்வரும் விலைக்கே நீங்கள் வாங்கலாம்; பதில் சொல்ல இத்தனை நாள். நான் அறுபது நாள் கேட்கச் சொல்வேன், வங்கிக் கடனுக்குச் சட்டக் கருத்து, மதிப்பீடு என்று அலைந்தே ஒரு மாதம் போய்விடும். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஷரத்து தொடர்கிறதா என்று பாருங்கள். காலாவதியான ஒப்பந்தத்தின் ஷரத்து உயிரோடு இருக்கிறதா என்பதே தனி வழக்காகிவிடும்.

இப்படி ஒரு ஷரத்து இருந்தால், வீட்டை வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று எளிதில் தப்ப முடியாது. ஒருவர் குடியிருக்கும் சொத்தை வாங்குகிறவருக்கு, அவருடைய உரிமை என்ன என்பதும் தெரிந்திருந்ததாகவே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கொள்கிறது. வில்லங்கச் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: உள்ளே இருப்பவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

ஆசிரியரிடம் அப்படி ஒரு வரிகூட இல்லை. அட்வான்ஸ் கொடுத்த ரசீது மட்டும் பத்திரமாக இருந்தது. புதிய உரிமையாளர் அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காலி செய்ய அடுத்த மே மாதம் வரை அவகாசமும் தந்திருக்கிறார்.