புதிய பதிப்புக்கு மாறும்போது: நாம் எழுதாத வரிகளைப் பற்றி

அக்டோபர் வந்தால் பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பும் வந்துவிடும். 2020-இல் வெளியான 3.9-இலிருந்து ஆண்டுக்கு ஒன்று என்பது நடைமுறை. அறிவிப்பு வெளியான அன்றே எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பது, "என்ன சார் புதுசா வந்திருக்கு?" என்பதுதான். "என்னென்ன போயிருக்கு, என்னென்ன மாறியிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. புதிய வசதிகளை நாளைக்குக்கூடப் படித்துக்கொள்ளலாம், அவற்றைத் தொடாதவரை நமக்கு ஒன்றும் ஆகாது. மாறிப்போனவை அப்படிக் காத்திருக்காது. நாம் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவை வேலையைக் காட்டிவிடும்.

ஒவ்வொரு பதிப்போடும் வரும் 'புதியவை' ஆவணத்தின் மேற்பகுதியில் பளபளப்பான வசதிகள் இருக்கும். கீழே போகப் போகத்தான் கைவிடப்படவிருப்பவை, நீக்கப்பட்டவை, மாறும்போது கவனிக்க வேண்டியவை என்று பகுதிகள் வரும். பெரும்பாலானோர் அங்கே போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். நான் கீழிருந்து மேலே படிக்கிறேன்.

நீக்கப்பட்டவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்', 'இம்ப்' ஆகிய மாட்யூல்கள், அதாவது நம் நிரலுக்குள் இம்போர்ட் செய்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள், போயின. 3.13-இல் 'சிஜிஐ', 'கிரிப்ட்', 'டெல்நெட்லிப்' உட்பட 19 பழைய மாட்யூல்கள் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. இவற்றை நம்பியிருந்த நிரல் புதிய பதிப்பில் முதல் நொடியிலேயே இம்போர்ட் எரர் கொடுத்து நின்றுவிடும். அதைத் திருத்த ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஆனால் பிரச்சினை இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. உரக்கக் கத்தும் பிழையால் யாருடைய கணக்கும் தப்பாகப் போவதில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு வகை மாற்றம்.

எங்களிடம் இரவு நேரத்தில் ஓடும் ஒரு வேலை இருக்கிறது. அன்றைய ஆர்டர்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தள்ளுபடியைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதும். ஆர்டர்கள் நிறைய என்பதால் 'மல்டிபிராசஸிங்' மாட்யூலைக் கொண்டு ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் எட்டு பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். தொடக்கத்தில் தாய் பிராசஸ் டேட்டாபேஸிலிருந்து தள்ளுபடி விகிதங்களைப் படித்து, குறியீட்டைக் கொடுத்தால் விகிதத்தைத் தரும் அட்டவணையான ஒரு டிக்ஷனரியில் நிரப்பிக்கொள்ளும். பிறகு குழந்தை பிராசஸ்கள் பிறக்கும். ஒவ்வொன்றும் பொருளின் குறியீட்டைக் கொண்டு அந்த டிக்ஷனரியில் விகிதத்தைத் தேடும். குறியீடு இல்லையென்றால் விகிதம் பூஜ்யம். தள்ளுபடியே இல்லாத பொருள்கள் ஏராளம் என்பதால் அது நியாயமான ஏற்பாடுதான்.

லினக்ஸ் சர்வரில் இது ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. காரணம், பைத்தான் அங்கே குழந்தை பிராசஸை 'ஃபோர்க்' முறையில் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஃபோர்க் என்றால் தாயின் நினைவகம் அப்படியே குழந்தைக்கும் கிடைக்கும், நிரப்பி வைத்த டிக்ஷனரியோடு சேர்த்து.

2025 அக்டோபரில் வந்த 3.14-இல், லினக்ஸில் நாம் எதையும் குறிப்பிடாதபோது பைத்தான் தானே எடுத்துக்கொள்ளும் இந்த இயல்பு முறை ஃபோர்க்கிலிருந்து 'ஃபோர்க்சர்வர்' ஆனது. இப்போது குழந்தைகள் நிரலின் தாயிடமிருந்து பிறப்பதில்லை. தனியாக, சுத்தமாகத் தொடங்கிய ஒரு சிறு சர்வர் பிராசஸிலிருந்து பிறக்கின்றன. நம்முடைய முதன்மைக் கோப்பை அவை மீண்டும் இம்போர்ட் செய்துகொள்ளும். அந்தக் கோப்பின் மேலே காலி டிக்ஷனரி அறிவிக்கப்பட்டிருந்தது. அதை நிரப்பும் வரிகளோ முதன்மை நிரலாக ஓடினால் மட்டும் இயங்கும் பகுதிக்குள் இருந்தன. ஆக, எட்டுக் குழந்தைகளின் கையிலும் காலி டிக்ஷனரி. எந்தக் குறியீட்டைத் தேடினாலும் கிடைக்காது. விகிதம் பூஜ்யம்.

பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. லாக் சுத்தம். வேலை வழக்கமான நேரத்துக்குள் முடிந்தது. டெஸ்ட்கள் அத்தனையும் பச்சை. ஏனென்றால் எங்கள் டெஸ்ட்கள் கணக்கிடும் ஃபங்ஷனை ஒரே பிராசஸுக்குள் நேரடியாக அழைத்துப் பார்ப்பவை. பல பிராசஸ்களாகப் பிரியும் இடத்தை அவை தொட்டதே இல்லை.

மாட்டிக்கொண்டது ஒரு பழைய பழக்கத்தால். புதிய பதிப்புக்கு மாறுவதற்கு முன் சில நாட்கள் பழையதையும் புதியதையும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து ஓட்டி, வெளியீட்டுக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுவோம். முதல் நாளே, தள்ளுபடி இருக்க வேண்டிய வரிகளில் எல்லாம் பூஜ்யம். அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் மாறியிருந்தால், வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் கூப்பிடும் வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த மாற்றம் ஒளித்து வைக்கப்பட்டதல்ல. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. எங்கள் அணியில் அதைப் படித்தவரும் இருந்தார். நிரல் முழுக்க ஃபோர்க் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தார். ஓர் இடத்திலும் இல்லை. "நாம அதைப் பயன்படுத்தலை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சரிபார்க்கப் பழகியிருந்தோம். ஆனால் இயல்பு முறை மாறும்போது பாதிக்கப்படுவது எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்கள்தான். எந்த முறை வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேடல் கருவியால் எழுதிய வரியைத்தான் கண்டுபிடிக்க முடியும். எழுதாத வரியை அது எங்கே போய்த் தேடும்?

இதற்காகப் பைத்தானை உருவாக்குபவர்களைத் திட்டுவதும் நியாயமல்ல. ஃபோர்க்கில் நிஜமான சிக்கல் இருக்கிறது. தாய் பிராசஸில் பல த்ரெட்கள், அதாவது ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இணை ஓட்டங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்க் செய்தால், ஃபோர்க்கை அழைத்த த்ரெட் மட்டும்தான் குழந்தைக்கு வரும். மற்ற த்ரெட்கள் வராது, ஆனால் அவை பிடித்து வைத்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே வந்து சேரும். திறக்க வேண்டிய த்ரெட் அங்கே இல்லாததால் குழந்தை எப்போதாவது ஒருநாள் அப்படியே உறைந்து நின்றுவிடும். 3.12-இலிருந்தே, த்ரெட்கள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை வருகிறது.

அந்த எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வசதியைக் கைவிடப் போகிறோம் என்றால் பைத்தான் சில பதிப்புகளுக்கு முன்பே 'டெப்ரிகேஷன் வார்னிங்' கொடுக்கத் தொடங்கிவிடும். 'டிஸ்ட்யூட்டில்ஸ்' 3.12-இல் போகும் என்பதை 3.10-லேயே சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் இத்தனை பேர் அதிர்ச்சி அடைகிறார்கள்? இந்த வகை எச்சரிக்கை, நாம் நேரடியாக இயக்கும் கோப்பில் எழுந்தால் மட்டும்தான் இயல்பாகத் திரையில் வரும். நாம் இம்போர்ட் செய்யும் மாட்யூல்களுக்குள் எழுந்தால் மறைக்கப்படும். நிஜ வேலை நடப்பதெல்லாம் அந்த மாட்யூல்களுக்குள்தானே. ஆகவே ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

டெஸ்ட் ஓட்டும் சர்வரில் எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதும்படி அமைத்துவிடுங்கள். பைத்தானை இயக்கும்போது கொடுக்கும் ஒரே ஒரு விருப்பம்தான் அது. முதல் நாள் நூற்றுக்கணக்கில் வரும், அதில் பாதி, பிறர் எழுதி நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளுடையதாக இருக்கும். பயந்து உடனே அணைத்துவிடாதீர்கள். லைப்ரரிகளுடையதைத் தனியே ஒதுக்கிவிட்டு உங்கள் நிரலுடையதை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

திருத்தும்போதும் அவசரம் கூடாது. 3.12-இல், உலகப் பொது நேரமான யுடிசியில் இப்போதைய நேரத்தைத் தரும் 'யுடிசி-நவ்' என்ற ஃபங்ஷன் கைவிடும் பட்டியலில் சேர்ந்தது. அது தரும் நேரத்தில் எந்த நேர மண்டலம் என்ற தகவல் இருக்காது. மண்டலத்தோடு கூடிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பது பரிந்துரை. எங்களில் ஒருவர் எடிட்டரில் தேடி, எல்லா இடத்திலும் ஒரே நொடியில் மாற்றிவிட்டார். பழைய தரவிலிருந்து வந்த மண்டலமில்லாத நேரத்தையும் புதிய நேரத்தையும் ஒப்பிட்ட இடங்கள் டைப் எரரில் நின்றன, அது நல்லதே. ஆனால் நேரத்தை எழுத்தாக மாற்றி, கடைசியில் யுடிசி என்பதைக் குறிக்கும் இசட் என்ற எழுத்தைக் கையால் ஒட்டிய இடங்களும் இருந்தன. புதிய நேரம் எழுத்தாகும்போது கூட்டல் குறியோடு மண்டல வித்தியாசமும் சேர்ந்தே வரும். அதன் பின்னால் இசட்டும் ஒட்டிக்கொண்டால் அது செல்லாத வடிவம். எங்கள் பக்கம் எதுவும் உடையவில்லை. அந்தத் தரவை வாங்கிய இன்னொரு அணியின் நிரல்தான் உடைந்தது.

பழைய நிரலின் பொருளை மாற்ற வேண்டி வரும்போது சில மொழிகள் நம்மிடம் அனுமதி கேட்கின்றன. கோ மொழியின் 1.22 பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தபோது, ஃபார் லூப்பின் மாறி (வேரியபிள்) ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக உருவாகும்படி மாற்றினார்கள். மொழியின் அடிப்படையிலேயே கைவைக்கும் மாற்றம் அது. ஆனால் உங்கள் மாட்யூலின் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருந்தால்தான் அது செல்லுபடியாகும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை மட்டும் புதுப்பித்தவருக்குப் பழைய பொருளே தொடரும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிஎச்பி மொழியின் 8.0-இல் அப்படிக் கேட்கவில்லை. பூஜ்யத்தையும் எண்ணே இல்லாத ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் அதுவரை 'ட்ரூ' என்று வந்துகொண்டிருந்தது, 2020 நவம்பரிலிருந்து 'ஃபால்ஸ்'. மாற்றம் சரியானதுதான், பழைய விடைதான் அபத்தம். ஆனால் அந்த அபத்தத்தின் மேல் வீடு கட்டியிருந்தவர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு தொல்லை என்றால் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்று மேலாளர்கள் கேட்பார்கள். இருக்க முடியாது. பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஐந்து ஆண்டு. 3.9-க்கு 2025 அக்டோபரோடு முடிந்தது. 3.10-க்கு 2026 அக்டோபர் வரை. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. அதற்கும் முன்பே லைப்ரரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும் கடைசி மூன்று மாதத்தில் இரவு பகலாக மாற்றியவர்களை நான் அறிவேன். ஆண்டுக்கு ஒரு படி ஏறுபவருக்கு ஒரு படிக்கான வலிதான். ஐந்து படிகளை ஒரே தாவாகத் தாவினால், எந்த மாற்றம் எதை உடைத்தது என்பதே புரியாது.

அதற்காக வெளியான அன்றே மாற வேண்டும் என்றும் சொல்லவில்லை. சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் கொண்ட லைப்ரரிகள் புதிய பதிப்புக்காகத் தனியே தயாராகி வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். நாங்கள் இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பிலேயே டெஸ்ட்களை ஓட்டத் தொடங்குகிறோம், சர்வரில் மாற்றுவது அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில். டெஸ்ட் அமைப்புக் கோப்பில் பதிப்பு எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இத்தகைய அமைப்புகளை எழுதும் யாமல் வடிவக் கோப்பில் 3.10 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 என்று சுருங்கிவிடும்.

சிறு பதிப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் வந்த 3.10.7 ஒரு பாதுகாப்புத் திருத்தம்தான். ஆனால் அதிலிருந்து 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எழுத்தாகவோ, எழுத்தை எண்ணாகவோ மாற்றினால் வேல்யூ எரர் வரும். மிகப் பெரிய எண்களை மாற்றக் கேட்டே ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும் என்பதால் வைத்த வரம்பு அது.

அந்த இரவு வேலையில், குழந்தை பிராசஸ் தொடங்கும்போதே விகிதங்களை அதன் கையில் கொடுக்கும்படி மாற்றினோம். எந்த முறையில் பிராசஸ் உருவாக வேண்டும் என்பதையும் ஒரு வரியாக எழுதிவைத்தோம். குறியீடு இல்லை என்பதற்கும் அட்டவணையே காலி என்பதற்கும் இப்போது வேறுபாடு உண்டு. அட்டவணை காலியாக இருந்தால் வேலை நின்றுவிடும்.

அடுத்து எங்கள் கண் கோப்பு திறக்கும் இடங்களின்மேல் இருக்கிறது. எந்த என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறை) என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால் பைத்தான் இதுவரை கணினியின் அமைப்பைப் பார்த்துத் தானே முடிவெடுத்தது. 3.15-இல் எல்லா இடத்திலும், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்ற என்கோடிங் இயல்பாகிறது. ஜாவா இதே மாற்றத்தை 2022-இல் 18-ஆம் பதிப்பிலேயே செய்துவிட்டது. தமிழ் எழுத்துகளை விண்டோஸில் சேமித்துவிட்டுக் கேள்விக்குறிகளாகத் திரும்பப் பெற்ற எவருக்கும் இது நல்ல செய்திதான். ஆனால் பழைய என்கோடிங்கில் எழுதி வைத்த கோப்புகளைப் படிக்கும் நிரல்களை இப்போதே தேடிப் பிடிக்க வேண்டும். இந்த முறை அதற்கு ஒரு கருவியே இருக்கிறது. என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் இடங்களில் எச்சரிக்கை தரும் விருப்பம் ஒன்று 3.10 முதல் பைத்தானில் உண்டு. 'வார்ன் டிஃபால்ட் என்கோடிங்' என்பது அதன் பெயர். போன வாரம் டெஸ்ட் சர்வரில் அதைப் போட்டு ஓட்டினோம். இருநூறுக்கு மேல் வந்தன. முப்பத்தைந்தைத் திருத்தியிருக்கிறோம்.