பழைய கட்டடத்தோடு ஒட்டிய புதுப் பகுதிக்குப் பசுமைச் சான்று: கோடு எங்கே?

பழைய கட்டடத்தை ஒட்டியோ அதன் தலைமேலோ புதுப் பகுதி எழுப்பி, அதற்கு ‘லீட்’ பசுமைச் சான்று வாங்க நினைத்தால், சோலார் பேனல் பேச்சுக்கு முன் ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும். சான்று புதுப் பகுதிக்கு மட்டுமா, பழையதையும் சேர்த்தா? வரைபடத்தில் இழுக்கும் அந்த எல்லைக்கோட்டைப் பொறுத்தே மதிப்பீட்டு முறை அமையும்.

அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் இந்த முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்று, 60க்கு கோல்டு, 80க்கு பிளாட்டினம். புதுப் பகுதி 1,000 சதுர அடிக்குக் குறையாமல், தனிக் கட்டடம் என்று சொல்லும்படி இருந்தால் புதுக் கட்டுமானமாகப் போகலாம். பழையதையும் குடைந்து மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து ‘பெரும் புதுப்பிப்பு’. ஏதாவது ஒரு மதிப்பீட்டு முறை தளப்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் அதையே எடுக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் தொடக் கூடாது. நடுவில் என்றால் உங்கள் இஷ்டம்.

குறைந்தபட்சத் தகுதியும் வேறு வேறு. லீட்டின் நான்காம் பதிப்பு 2013இல் வந்தபோது, ஆஷ்ரே 90.1 என்ற அமெரிக்கக் கட்டட எரிசக்தித் தரத்தின் 2010 அளவுகோலைவிடப் புதுக் கட்டடம் 5 சதவீதமாவது எரிசக்தியில் மேம்பட்டிருக்க வேண்டியிருந்தது. புதுப்பிப்புக்கு 3 போதுமாக இருந்தது.

பலரும் மாட்டிக்கொள்வது ஏசி பிளான்ட்டில்தான். புதுப் பகுதிக்குக் குளிர்நீர் பழைய கட்டடத்தின் சில்லரிலிருந்து வந்தால், கோட்டுக்கு வெளியே இருக்கும் அந்த இயந்திரமும் கணக்குக்குள் வந்துவிடும். அதில் ஓசோனைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயு ஓடினால் அதை மாற்ற வழி காட்டியாக வேண்டும். மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் புதுப் பகுதிக்கென நிரந்தர மீட்டரும் தேவை. பைப் போட்டு சுவர் பூசிய பிறகு இது நினைவுக்கு வந்தால் செலவு இரட்டிப்பு.

நியூயார்க்கின் ஹெர்ஸ்ட் டவரைப் பாருங்கள். 1928இல் கட்டிய ஆறு மாடிக் கல் கட்டடம். மேலே கோபுரம் வரும் என்றே கட்டினார்கள், பொருளாதாரப் பெருமந்தம் அதை நிறுத்திவிட்டது. 2006இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் பழைய முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே குடைந்து, 46 மாடிக் கோபுரத்தை எழுப்பினார். முக்கோணச் சட்டகத்தால் எஃகு சுமார் 20 சதவீதம் மிச்சம். கூரை மழைநீர் அடித்தளத் தொட்டிக்குப் போய், குளிரூட்டும் கோபுரத்துக்கும் செடிகளுக்கும் உதவுகிறது. அப்போது கிடைத்தது கோல்டு. 2012இல் அதே கட்டடம், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளவற்றுக்கான ‘இயங்கும் கட்டடம்’ என்ற வேறு வழியில் பிளாட்டினம் வாங்கியது.

புள்ளிகள் மட்டும் வேண்டுமென்றால் கோட்டைக் குறுக்கிப் போடுவது சுலபம். ஆனால் கரன்ட் பில்லைத் தின்பது பெரும்பாலும் பழைய பகுதிதான் என்பதால், அதையும் உள்ளே இழுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இப்போது பணம் இல்லையென்றால், பழைய பகுதிக்கும் ஒரு தனி மீட்டரை இன்றே பொருத்திவிடுங்கள். ‘இயங்கும் கட்டடம்’ வழியில் பிறகு போகும்போது, கணினி மதிப்பீட்டை நம்ப மாட்டார்கள். 12 மாத நிஜ மீட்டர் கணக்கைத்தான் கேட்பார்கள்.