டெலீட் அமுக்கினால் போய்விடும் என்று யார் சொன்னது?

களியக்காவிளையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதம் இதே பிரச்சினையோடு வரும் மூன்றாவது ஆள் இவர், பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

நம் பக்கம் கேரளத்தோடு சேர்ந்திருந்த காலத்து, அதாவது 1956-க்கு முந்தைய பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு தம்பி, தாத்தா காலத்துப் பத்திரத்தை ஸ்கேன் செய்து, எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவின் ஆதாரையும் சேர்த்து, பக்கத்திலேயே கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலை மாமாவுக்கு, ஐபிஎஃப்எஸ் (ஒரே சர்வரில் வைக்காமல் பலரது கம்ப்யூட்டர்களில் கோப்பை வைத்துப் பகிரும் முறை) மேல் ஓடும் ஒரு ஆப்பில் அனுப்பியிருக்கிறார். "சர்வரே கிடையாது அண்ணே, யாரும் பார்க்க முடியாதுன்னு சொன்னாங்க." (மக்களே, பாறசாலைக்கு பஸ் இல்லையா?) அப்புறம் பயம் வந்து டெலீட் அமுக்கியிருக்கிறார். ஆப்பில் காணோம். கடையில் வேறொரு சிஸ்டத்தில் அந்தக் கோப்பின் ஐபிஎஃப்எஸ் முகவரியைப் போட்டேன், அம்மாவின் போட்டோவோடு ஆதார் திறந்தது.

சர்வர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரே பீரோவில் வைக்காமல் பல வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பூட்டு எங்கே? ஐபிஎஃப்எஸ் தானாக எதையும் என்கிரிப்ட் செய்யாது. 'க்யூஎம்' என்று தொடங்கும் 46 எழுத்து முகவரியை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். அந்த முகவரிக்குரிய கோப்பு தன்னிடம் இருப்பதை, அதை வைத்திருக்கும் கம்ப்யூட்டரே நெட்வொர்க்கில் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்புகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு அது போதும்.

டெலீட் பட்டன் உங்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும், மிஞ்சிப் போனால் நீங்கள் போட்ட 'பின்'னை, அதாவது 'இதை அழிக்காமல் வைத்திரு' என்ற குறியை, எடுக்கும். வாங்கிப் பார்த்தவரின் லேப்டாப்பிலும் நடுவில் கோப்பை வாங்கித் தரும் கேட்வே சர்வரின் கேஷிலும் (தற்காலிகப் பிரதியில்) கிடப்பதை அது எப்படித் தொடும்? அதைவிட, முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. அடுத்த வருடம் வேறு யாரோ அதே கோப்பை அதே முறையில் ஏற்றினால் பழைய முகவரியே உயிர்த்தெழும். இதை எத்தனை முறை சொன்னாலும், "சரி அண்ணே, ஆனா டெலீட் பண்ணிட்டேனே" என்பார்கள்.

இன்னொரு பக்கம், யாரும் பின் செய்யாத கோப்பை, இடத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷன் துடைத்துவிடும். கல்யாண ஆல்பத்தை இதில் மட்டும் வைத்துத் தொலைத்தவரும் வந்திருக்கிறார். ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள், தயவு செய்து.

அனுப்பியே தீரவேண்டுமா? கோப்பைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன் போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டி ஏற்றுங்கள், பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். ஆதார் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார், ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே கிடைக்கிறது, அதைக் கொடுங்கள்.

தம்பியோடு பாறசாலைக்கே போய், மாமாவின் லேப்டாப்பில் பின்னை எடுத்து கார்பேஜ் கலெக்‌ஷனையும் ஓட்டினேன். ஆப் நடத்துபவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறோம். அம்மாவின் ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) அன்றைக்கே லாக் செய்யவைத்தேன். காலையில் கடை திறந்ததும் அந்த முகவரியை ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். இன்று திறக்கவில்லை. நாளைக்கும் பார்ப்பேன்.