செல்ஃப் எஸ்டீம்: தன்னம்பிக்கையா, தன்மதிப்பா?

மனநலம் பற்றிய கட்டுரையோ, பள்ளியில் நடக்கும் பயிலரங்கோ, ஒருவர் தன்னைத் தானே மதிப்பதைச் சொல்லும் செல்ஃப் எஸ்டீம் என்ற ஆங்கிலச் சொல் வந்தால் உடனே 'தன்னம்பிக்கை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பிழை கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் பிழையாகவே தெரிவதில்லை.

எஸ்டீம், எஸ்டிமேட் இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. விலை மதித்தல் என்பது பொருள். தமிழில் 'மதி' என்ற வினையும் அப்படியே: நிலத்துக்கும் மதிப்பு உண்டு, ஆசிரியர் மீதும் மதிப்பு உண்டு. ஆகவே தன்மதிப்பு. சொல் நம் கையிலேயே இருக்கிறது.

சரி, தன்னம்பிக்கை ஏன் பொருந்தாது? அது 'என்னால் முடியும்' என்ற எண்ணம், ஒரு செயலைப் பற்றியது. தன்மதிப்போ ஆளைப் பற்றியது. மேடையில் தடுமாறாமல் பேசுகிற, வகுப்பில் முதலிடம் வாங்குகிற பெண், இரண்டு மதிப்பெண் குறைந்தால் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அழுகிறாள். அவளுக்குத் தன்னம்பிக்கை ஏராளம், இல்லாதது தன்மதிப்பு. அவளிடம் போய் 'தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்' என்றால் என்ன அர்த்தம்? இன்னும் நிறையச் சாதிக்க வேண்டும் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். நோய் எதுவோ அதையே மருந்தாகக் கொடுக்கிறோம். மறுபக்கம், நீச்சல் தெரியாதவருக்குத் தண்ணீரில் தன்னம்பிக்கை இராது. அதற்காக அவர் தன்னை மட்டமாக நினைப்பதில்லையே.

ஆய்வாளர்களும் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் தன்மதிப்பை அளக்க 1965இல் வெளியிட்ட அளவுகோலில் 10 வாக்கியங்கள். திறமையைத் தொடும் வரி அதில் உண்டுதான்; ஆனால் மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு எனக்கு உண்டா, என்மீது எனக்கே மரியாதை இருக்கிறதா என்பவையே அதன் உயிர். 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் செல்ஃப் எஃபிகசி என்ற வேறு கருத்தாக்கத்தையே முன்வைத்தார். தன்னம்பிக்கை நிற்க வேண்டியது அதன் பக்கத்தில்.

சிலர் 'சுயமரியாதை' என்கிறார்கள். 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தோடு சேர்ந்து ஒரு வரலாற்றையே சுமக்கிற சொல் அது. என்னை இழிவுபடுத்தாதே என்று சமூகத்தைப் பார்த்துச் சொல்வது. அதை ஆலோசனை அறைக்குள் சுருக்குவது அந்தச் சொல்லுக்கும் நல்லதல்ல. 'தன்மான'மும் ஆகாது. மயிர் போனால் உயிர் வாழாத கவரிமாவைப் போல, மானம் போனால் உயிரை விடுபவரைக் குறள் காட்டுகிறது. துவண்டு கிடப்பவருக்குத் தர வேண்டிய சொல்லா அது? 'சுயமதிப்பீடு' என்பது அலுவலகத்தில் வருடக் கடைசியில் நிரப்பும் படிவம். அந்தச் சொல்லையும் செல்ஃப் எஸ்டீமுக்குப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது, மொழிபெயர்த்தவர் வாக்கியத்தைப் படித்தாரா, அகராதியை மட்டும் பார்த்தாரா என்று கோபம் வருகிறது.

தன்மதிப்பை நான் வலியுறுத்துவது தனித்தமிழ் என்பதற்காக மட்டும் அல்ல. 'என்னை நானே மதிக்கவில்லை' என்று பேச்சில் இயல்பாக வரும். 'தன்மதிப்பு குறைந்திருக்கிறது' என்றால் பாட்டிக்கும் புரியும். செல்ஃப் அக்செப்டன்ஸ் வேறு. குறையோடு சேர்த்துத் தன்னை ஒப்புக்கொள்வது. அதற்குத் 'தன்னேற்பு' போதும். இதையும் தன்னம்பிக்கைக் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள்.