சொல் விளக்கம்: ஜென்ட்ரிஃபிகேஷன்

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ பழைய தெரு ஒன்றில் இரண்டு வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பினால் போதும், படித்த பிள்ளைகள் உடனே ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி நேரம் அது பொருந்தாத இடத்தில் போய் விழுகிறது.

அந்தச் சொல்லுக்குள் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நகரின் மையத்தை ஒட்டி, வருமானம் குறைந்தவர்கள் குடியிருக்கும் பழைய பகுதிக்கு அவர்களைவிட வசதியானவர்கள் வந்து சேர்கிறார்கள். வீட்டு விலையும் வாடகையும் ஏறுகின்றன. ஏறியதைத் தாங்க முடியாமல் முன்பு இருந்தவர்கள் கிளம்புகிறார்கள். மூன்றும் சேர வேண்டும். விலை மட்டும் ஏறினால் அதற்கு விலையேற்றம் என்றே பெயர் இருக்கிறது.

சொல்லை உருவாக்கியவர் ரூத் கிளாஸ். பெர்லினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர். 1964-ல் லண்டனின் மாற்றங்களைப் பற்றி வந்த ஒரு தொகுப்பு நூலின் முன்னுரையில் இதைப் பயன்படுத்தினார். இஸ்லிங்டன், பாடிங்டன் போன்ற பகுதிகளில் தொழிலாளர்கள் இருந்த சின்னச் சின்ன வீடுகள், குத்தகைக் காலம் முடிந்ததும் நடுத்தர வர்க்கத்தாரின் கைக்குப் போய், அழகுபடுத்தப்பட்டு, விலை உயர்ந்த இல்லங்களாக மாறுவதை அவர் கவனித்தார். ஒரு பகுதியில் இது தொடங்கிவிட்டால் பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியேறும்வரை வேகமாக நடக்கும் என்று எழுதினார். ஆக, வெளியேற்றம் என்ற பொருள் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கிறது.

‘ஜென்ட்ரி’ என்பவர்கள் இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு ஒரு படி கீழே, நிலத்தின் வருமானத்தில் வாழ்ந்தவர்கள். கிராமத்துக்காரர்கள். பட்டணத்து நடுத்தர வர்க்கத்துக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியதில் கொஞ்சம் கேலி உண்டு என்றே நினைக்கிறேன். காவிரிக் கரையில் அவர்களுக்கு இணை தேடினால் சட்டென்று வருபவர் மிராசுதார்தான். மிராசு அரபியில் பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்பிருந்த தமிழ், காணியாட்சி. அதனால் அச்சு அசலாக மொழிபெயர்த்தால் ‘மிராசுதாராக்கம்’! சிரிக்கலாம், எழுத முடியாது.

இன்னும் கீழே தோண்டினால் வேடிக்கை கூடுகிறது. ஜென்ட்ரி பழைய பிரெஞ்சு வழியாக, குலம் என்று பொருள்படும் ‘கென்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லில் போய் நிற்கிறது. அதன் வேர், பிறத்தலைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். வடமொழி ஜனமும் ஜாதியும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. தெருவுக்குத் தெரு இன்னார்தான் இருக்கலாம் என்று வகுத்து வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இந்த உறவு ஆச்சரியம் தராது.

சரி, தமிழுக்கு வருவோம். மேட்டுக்குடியாக்கம், உயர்குடியாக்கம் என்றெல்லாம் சொல்லலாம். பகுதிக்குப் பகுதி சரியான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் ‘ஆக்கம்’ தமிழில் ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது. மேட்டுக்குடியாக்கம் என்று படித்தவுடன், ஏழைகளை யாரோ பணக்காரர்களாக்கிவிட்ட நல்ல செய்தி போலத் தோன்றுகிறது. மாறியவர்கள் அவர்கள் இல்லையே, தெருதானே! குடிபெயர்வு என்றால் தானாகப் போவது. குடிபெயர்ப்பு என்றால் பிறவினை, போக வைப்பது. இரண்டாவது நெருங்கி வருகிறது. ஆனால் அணைக்கட்டுக்காக ஊரைக் காலி செய்வதும் குடிபெயர்ப்புத்தான். வந்தவர் யார் என்று அது சொல்லாது.

என் பரிந்துரை ‘மேல்குடியேற்றம்’. மேல்குடி ஏறி வருவது என்றும் பிரிக்கலாம், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மேலே போய்க் குடியேறுவது என்றும் பிரிக்கலாம். டெல்டாக்காரர்களுக்கு இந்த ‘மேல்’ பழக்கமானது. விளைச்சலில் நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம், பயிரிட்டவர் பங்கு குடிவாரம். மேலே இருப்பவர் உரிமைக்காரர், குடி என்பவர் அங்கே இருந்து உழைப்பவர். இலக்கணப்படி புணர்த்தி மேற்குடியேற்றம் என்று எழுதினால் மேற்கே குடியேறுவதாகப் படித்துவிடுவார்கள். மேல்தளம், மேல்கூரை என்று எழுதுகிறோமே, அதுபோல இதையும் விட்டுவிடலாம்.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தைப் பார்க்க வேண்டும். வாசல் குறுகலாக, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடு. முன்கட்டில் வீட்டுக்காரர். பின்கட்டில் சமையல் வேலைக்குப் போகும் மாமி, பாத்திரக்கடைக் குமாஸ்தா, பூக்கட்டி விற்கும் அம்மா. எல்லோருக்கும் ஒரே கிணறு. குடக்கூலி வாயால் பேசியது, மாதம் பிறந்தால் கையில் கொடுப்பது. ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, “பையன் இடிச்சுக் கட்டணும்கறான் மாமி, தை பொறந்ததும் வேற இடம் பாத்துக்குங்க” என்பார். ‘காலி பண்ணுங்க’ என்ற சொல்லே வராது. பத்திரத்தில் விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். பின்கட்டுக்காரர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு ஓரளவு பிடிமானம் தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ன் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது புதிய சட்டம். மாமியிடம் எழுத்தில் எது இருக்கிறது?

ஏன் குறிப்பிட்ட தெருவில் மட்டும் நடக்கிறது என்பதற்கு நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு மனையிலிருந்து இப்போது கிடைக்கும் வருமானத்துக்கும், நல்லபடி பயன்படுத்தினால் அதிலிருந்து கிடைக்கக்கூடிய வருமானத்துக்கும் இடையே இடைவெளி அகன்றுகொண்டே போனால், ஒரு கட்டத்தில் முதலீடு அங்கே வந்து இறங்கும். ஆட்களைவிடப் பணம்தான் முதலில் திரும்பி வருகிறது என்பது அவர் வாதம். இதை ‘மனை வருவாய் இடைவெளி’ எனலாம். கோயில் தெருக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க உதாரணமே தேட வேண்டாம், அடிமனை இருக்கிறது. கட்டடம் நம்முடையது, அடியில் உள்ள மண் கோயிலுடையதோ மடத்தினுடையதோ; மண்ணுக்குத் தனியே வாடகை. அடிமனை உரிமை யாருக்கு என்று தீராத வரை விற்பதும் சிரமம், கடன் வாங்கி இடித்துக் கட்டுவதும் சிரமம். ஸ்ரீரங்கத்தில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போனது. இடைவெளி எவ்வளவு அகன்றாலும் பணம் வந்து இறங்கத் தயங்கும் தெருக்கள் இவை. குடியிருப்பவர்களுக்குத் தலைவலியாக இருப்பதே ஒரு விதத்தில் தெருவுக்கு வேலியாகவும் இருக்கிறது.

எங்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது? திண்ணையை உடைத்து ஷட்டர் போட்டு, துணிக்கடையும் லாட்ஜும் மருந்துக் கிடங்குமாக மாறும் தெருவுக்கு வேண்டாம். அங்கே யாரும் குடியேறவே இல்லை. வணிகமயமாதல் என்ற சொல்லே போதும். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் பூட்டிய வீடுகளுக்கும் பொருந்தாது. ஓய்வுபெற்றவர்கள் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பழைய தெருவில் ஃபிளாட் வாங்கி, பின்கட்டுக்காரர்கள் நகரின் விளிம்புக்குப் போனால், அப்போது தாராளமாக மேல்குடியேற்றம் என்று எழுதலாம்.

அப்புறம், வருகிறவர்களைக் குறிக்க ஒரு சொல் வேண்டுமென்றால் ‘வந்தேறி’யைத் தொடாதீர்கள். அது அரசியல் வசவு, இங்கே பொருந்தவும் பொருந்தாது. இந்தப் பக்கத்தில் ஃபிளாட் வாங்குகிறவர் பல சமயம் அதே தெருவில் ஒரு காலத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பேரன். லண்டன் தொழிலாளர் தெருவைப் பார்த்துச் செய்த சொல்லில் அவருக்கு இடமில்லை. ‘மேல்குடியேறி’ என்றால் அவரும் அதில் அடங்குவார். பேரனானாலும் வெளியூர்க்காரரானாலும் பின்கட்டு மாமிக்கு வாடகை ஏறுவது ஒரே அளவில்தான்.